‘ஓணம் கழிந்து பதிவு செய்யலாம்’ என்கிறார் விற்பவர்: நான் எப்படிப் பேசுவது?

வீடு வாங்கப்போகும் ஒரு தம்பி கேட்டது இதுதான். மார்த்தாண்டத்தில் வாடகைக்கு இருக்கிறார். களியக்காவிளைக்குப் பக்கத்தில் 9 சென்ட் மனையும் மாடி வீடும் 46 லட்சத்துக்குப் பேசி முடிந்துவிட்டது. அதில் 30 லட்சம் வங்கிக் கடன். இப்போது பிப்ரவரி. வாடகை வீட்டுக்காரர் மே கடைசிக்குள் காலி செய்யச் சொல்கிறார், ஜூனில் மகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. விற்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், எல்லோருக்கும் ‘சார்’. எல்லைக்கு அப்பால் கேரளத்தில், பாறசாலையில் மகள் வீட்டுக்கு அருகே புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறார், அதனால் ஓணம் கழியட்டும் என்கிறார். மாடியில் ஒரு குடும்பம் 5 லட்சம் ஒத்திக்கு (மாத வாடகை இல்லை, காலி செய்யும்போது தொகையைத் திருப்பித் தர வேண்டும்) இருக்கிறது. பத்திரம் சார் பெயரிலும் துபாயில் இருக்கும் அவருடைய தம்பி பெயரிலும் கூட்டாக இருக்கிறது. மே மாதமே முடித்துத் தரும்படி அவரிடம் எப்படிக் கேட்பது?

குழித்துறை பக்கம் 28 வருஷம் பத்திரம் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். “மே மாதம் முடியுமா” என்று கேட்டால் “முடியாது” என்ற ஒரே பதில்தான் வரும். முடிப்பது என்று நீங்கள் சொல்வதற்குள் மூன்று நாட்கள் இருக்கின்றன: பணம் கைமாறும் நாள், பதிவு நடக்கும் நாள், சாவி வாங்கும் நாள். சாருக்குப் பிரச்சினை சாவி நாளில் மட்டும்தான். ஒத்திக்காரருக்குப் பணம் வரும் நாள் முக்கியம். துபாய்த் தம்பிக்கும் வங்கிக்கும் பதிவு நாள் முக்கியம். இதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பேசினால் வழி தெரியும். மொத்தமாகப் பேசினால் “ஓணம் கழியட்டும்” என்பதிலேயே நின்றுவிடும்.

அந்த ‘ஓணம் கழிந்து’ ஒரு தேதியே கிடையாது என்பதையும் கவனியுங்கள். ஓணம் ஆகஸ்டிலும் வரும், செப்டம்பரிலும் வரும். ‘கழிந்து’ என்றால் எத்தனை நாள் கழிந்து? நம்ம ஊரில் ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையும் உண்டு, அக்டோபரில் வரும் துலாமழையும் உண்டு. ஜூனில் தளம் போட நினைத்த வீடு ஆகஸ்டுக்குப் போவதும், ஆகஸ்டில் பூச வேண்டிய சுவர் அக்டோபர் மழையில் ஊறி நிற்பதும் புதிதில்லை. வீடு கட்டுகிறவர் சொல்லும் தேதி அவருடைய ஆசை, அதை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆசையை நம்பி உங்கள் கடனையும் வாடகையையும் கட்டிவைக்காதீர்கள்.

சரி, பேரத்துக்கு உட்காருவதற்கு முன் ஒரு காகிதத்தில் கணக்குப் போடுங்கள். 30 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டி என்று வைத்தால் மாதம் 21,250 ரூபாய். (அசல் பகுதியைச் சேர்க்காதீர்கள், அது உங்கள் கடனைத்தான் குறைக்கிறது.) மே 20ல் பதிவு செய்துவிட்டு, சார் செப்டம்பர் 20 வரை அந்த வீட்டிலேயே இருந்தால் நான்கு மாத வட்டி 85,000. அந்த நான்கு மாதம் நீங்கள் வேறு இடத்தில் மாதம் 12,000 வாடகை கொடுத்தால் 48,000. ஆக 1,33,000 ரூபாய். சாரின் நான்கு மாத வசதிக்கு நீங்கள் கொடுக்கும் விலை இது.

இப்போது மற்ற வழிகளின் விலையைப் பாருங்கள். மே மாதமே சார் வீட்டைக் காலி செய்துவிட்டு பாறசாலையில் நான்கு மாதம் வாடகைக்கு இருந்தால், அவருடைய வாடகையும் சாமான் ஏற்றி இறக்கும் செலவும் சேர்த்து 60,000 ரூபாய்க்குள் அடங்கும். அதை நீங்களே கொடுத்தால்கூட உங்களுக்குப் பாதிக்கு மேல் மிச்சம். இப்படிக் கேட்கலாம்: “சார், மகள் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு வாடகை வீடு பாருங்க. நாலு மாச வாடகை என் பொறுப்பு. அங்க இருந்தா கட்டுற வேலையையும் நேர்ல பார்த்துக்கலாம்ல.” கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பது வயசான மனிதருக்கு எவ்வளவு நிம்மதி என்பது வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். களியக்காவிளையிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் மேஸ்திரியைத் தேடுகிறவருக்கு உங்கள் பேச்சு இனிக்கும். விலையில் 60,000 குறைக்கச் சொன்னால் முகம் சுளிக்கிறவர்கள், அதே பணத்தில் அவர்கள் பிரச்சினையைத் தீர்த்துக் கொடுத்தால் சம்மதித்துவிடுவார்கள். எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வழிதான் எல்லாவற்றையும் விட மலிவு. அதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. உங்கள் வாடகை வீட்டுக்காரரிடம் போய் உட்காருங்கள். மே கடைசி என்று ஏன் சொல்கிறார்? மகனுக்குக் கல்யாணமா, வேறு ஆள் கூடுதல் வாடகைக்கு வருகிறாரா? வெறும் வாடகைதான் விஷயம் என்றால், மாதம் 3,000 கூட்டிக் கொடுத்து நான்கு மாதம் கேளுங்கள். மொத்தம் 12,000 ரூபாய். அப்போது பதிவே செப்டம்பருக்குப் போகும், வட்டியும் ஓடாது. சாரிடம் பேசுவதற்கு முன் இவரிடம் பேசுங்கள். கையில் இந்த வழி இருந்தால் சார் முன்னால் உட்காரும்போது உங்கள் குரலே வேறு மாதிரி இருக்கும்.

சிலர் சொல்வார்கள்: “மே மாசமே பதிவு பண்ணிடுவோம், சாவி ஓணம் கழிஞ்சு தர்றார், நல்ல மனுஷன்தானே.” நல்ல மனுஷன்தான். ஆனாலும் இதற்கு மட்டும் வாய்ப்பேச்சில் ஒத்துக்கொள்ளாதீர்கள். பதிவு அன்று வங்கி வரைவோலை கொடுத்துவிடும், பத்திரத்தில் ‘முழுக் கிரயத் தொகையும் பெற்றுக்கொண்டு சுவாதீனம் ஒப்படைத்தேன்’ என்று எழுதியிருக்கும். அப்புறம் அவர் உள்ளே இருக்கிறார், உங்கள் கையில் பிடி எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் ‘ஒரு மாதம்’ என்று சொல்லி இருந்தவர் பதினான்கு மாதம் இருந்தார். சண்டைக்காரர் இல்லை, புது வீட்டில் கிணறு தோண்டியபோது பாறை வந்துவிட்டது, அவ்வளவுதான். வாங்கியவர் இரண்டு பக்கமும் பணம் கட்டிக்கொண்டே இருந்தார்.

பதிவுக்குப் பிறகு சார் இருந்தே ஆக வேண்டும் என்றால், அவரை வாடகைக்காரராக நடத்துங்கள், அதில் கூச்சம் வேண்டாம். தனி ஒப்பந்தம் எழுதுங்கள். எந்தத் தேதியில் காலி செய்கிறார், அதுவரை மாதம் எவ்வளவு, தேதி தாண்டினால் நாளுக்கு எவ்வளவு என்று அதில் வரட்டும். எல்லா வாடகைக்காரரிடமும் முன்பணம் வாங்குவது போல அவரிடமும் இரண்டு மூன்று லட்சம் வங்கி மூலம் வாங்கி வையுங்கள், சாவி தரும் அன்று திருப்பிக் கொடுத்துவிடலாம். நாள் கணக்குத் தொகையைப் பழிவாங்குவது போல 5,000, 10,000 என்று எழுதாதீர்கள். உங்களுக்கு உண்மையில் ஆகும் நஷ்டம் நாளுக்கு 1,100 ரூபாய் சொச்சம். 1,500 என்று எழுதினால் கேட்பவருக்கும் நியாயமாகப்படும், பின்னால் வழக்கு என்று வந்தாலும் நிற்கும்.

அடுத்தது ஒத்தி. இதுதான் உங்கள் விஷயத்தில் மெய்யான முடிச்சு. நீங்கள் கேள்வியில் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். சார் அந்த 5 லட்சத்தை என்றைக்கோ செலவழித்திருப்பார், பாறசாலை வீட்டு அஸ்திவாரத்தில்கூடப் போயிருக்கும். திருப்பிக் கொடுக்க அவர் நம்பியிருப்பது நீங்கள் பதிவு அன்று கொடுக்கும் பணத்தை. ஒத்திக்காரரோ பணம் கைக்கு வராமல் நகர மாட்டார், அதில் அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது. வங்கியோ காலி வீட்டுக்குத்தான் கடன் என்று சொல்லும். மூன்று பேரும் மற்றவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இன்னொன்று, இந்த ஒத்தி பெரும்பாலும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டதோடு சரி, பதிவு செய்திருக்க மாட்டார்கள். வில்லங்கச் சான்றில் தேடினால் தெரியாது. ஆனால் ஒருவர் வீட்டில் குடியிருக்கிறார் என்றால், அவருக்கு என்ன உரிமை உண்டோ அதைத் தெரிந்துகொண்டுதான் நீங்கள் வாங்கினீர்கள் என்று சொத்து மாற்றுச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘எனக்குத் தெரியாது’ என்று பின்னால் சொல்ல முடியாது. அதனால் மாடிக்கு ஏறிப் போய் அந்தக் குடும்பத்தோடு நீங்களே பேசுங்கள். ஒத்திக் காகிதத்தைப் பாருங்கள், கெடு எப்போது என்று பாருங்கள்.

முடிச்சை இப்படி அவிழ்க்கலாம். முன்பணத்தை இரண்டு தவணையாக வையுங்கள். ஒப்பந்தத்தன்று ஒரு சிறு தொகை சாருக்கு. இரண்டாவது தவணை 5 லட்சம், ஒத்திக்காரர் மாடியைக் காலி செய்து சாவி தரும் அன்று, சாரின் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு நேராக ஒத்திக்காரரின் வங்கிக் கணக்குக்கு. அது கிரயத் தொகையின் பகுதி என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். ஒத்திக்காரரிடம் ‘தொகை வந்து சேர்ந்தது, எனக்கு வேறு பாத்தியதை இல்லை’ என்று ரசீதும் வாங்க வேண்டும். இவ்வளவு பணம் முன்னால் போகிறதே என்று பயமாக இருக்கும். பயப்பட வேண்டியதுதான். அதனால்தான் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம், ஆனாலும் வெறும் முத்திரைத்தாளில் எழுதிப் பெட்டியில் வைக்கும் பழக்கம் போகவில்லை. பதிவு செய்தால் வில்லங்கத்தில் ஏறும், சார் வேறு யாருக்கும் சத்தமில்லாமல் விற்க முடியாது. திருவனந்தபுரம் பக்கத்து விழிஞம் துறைமுகத்தை 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்த பிறகு இந்தப் பக்கத்துப் புரோக்கர்கள் பேச்சில் அந்தப் பெயர் வராத நாளில்லை. எட்டு மாதக் கெடுவில் இரண்டு லட்சம் கூடுதலாகத் தருகிறேன் என்று ஒருவர் வந்து நிற்பது நடக்கக்கூடியதுதான்.

முன்பணம் எதையும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வீடு, நிலம் விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. அபராதம் வாங்கியவருக்கு, ஆனால் சாட்சியில்லாத நஷ்டம் உங்களுக்கு.

துபாய்த் தம்பி. “போன லீவில் வந்தபோது கையெழுத்துப் போட்டு வச்சுட்டுப் போகட்டுமான்னு கேட்டான்” என்று சார் சொன்னதாகவும், மேலே நான் சுருக்கித் தந்த உங்கள் கேள்வியில் இருந்தது. அது உதவாது. எழுதிக் கையெழுத்திட்ட பத்திரத்தை நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது ஒரு பக்கம். கையெழுத்துப் போட்டவர் சார்பதிவாளர் முன் நேரில் வந்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது இன்னொரு பக்கம். ஆகவே அவர் லீவில் இருக்கும் நாளில் பதிவு, இல்லையென்றால் அவருக்காகக் கையெழுத்திட இங்குள்ள ஒருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரம்.

பவர் என்றால் அங்கே உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் எழுதி, அசலை இங்கே அனுப்பி, வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பதிவு அன்று எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள், அது பழையதாக இருக்கக் கூடாது. இதற்கெல்லாம் சேர்த்து ஒன்றரை மாதம் ஒதுக்குங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

இதில் பலர் தடுக்கி விழும் பள்ளம் வரி. விலை 50 லட்சத்துக்குக் கீழே, அதனால் 1 சதவீத வரிப் பிடித்தம் வேண்டாம் என்று நினைத்திருப்பீர்கள். சாரின் பங்குக்கு அது சரி. தம்பி வரிக் கணக்கில் வெளிநாட்டுவாசி என்றால் அவர் பங்குக்கு அந்த 50 லட்ச வரம்பே கிடையாது. வாங்குகிற நீங்கள் பிடித்துக் கட்ட வேண்டும், அதுவும் 1 சதவீதம் போல லேசாக இருக்காது. பவர் சார் பெயரில் இருந்தாலும் இது மாறாது. அவர் வருமான வரி அலுவலகத்தில் குறைந்த பிடித்தத்துக்கான சான்று வாங்கலாம், ஆனால் அதற்கும் வாரக்கணக்கில் ஆகும். பதிவுக்கு முதல் நாள் ஆடிட்டர் இதைச் சொன்னால் தேதி போய்விடும், உறவும் கசந்துவிடும். எனவே இந்த வாரமே ஓர் ஆடிட்டரைப் பாருங்கள். ஒருவேளை தம்பியின் சான்றுதான் எல்லாவற்றையும் விட நீளமான வேலையாக இருக்கும். அப்படியென்றால் மே, ஓணம் என்ற உங்கள் வாக்குவாதத்துக்கே அர்த்தமில்லை.

ஒப்பந்தத்தில் கெடுவை எப்படி எழுதுவது? நாள், மாதம், வருஷம் என்று ஒரே தேதி. அதற்கு முன் யார் எதை முடிக்க வேண்டும் என்பதும் அதிலேயே. சார் இன்ன தேதிக்குள் பவரைக் கொண்டுவர வேண்டும், ஒத்தி இன்ன தேதிக்குள் தீர வேண்டும், வாங்குபவர் இன்ன தேதிக்குள் கடன் அனுமதிக் கடிதம் காட்ட வேண்டும். சார் பக்கம் தாமதமானால் கெடு அத்தனை நாள் தானாக நீளும் என்றும் எழுதுங்கள். ‘காலமே இந்த ஒப்பந்தத்தின் சாரம்’ என்று ஒரு வாக்கியம் எல்லோரும் சேர்ப்பார்கள். அதைச் சேர்த்துவிட்டு நீங்கள் தூங்கினால் அது உங்களைத்தான் முதலில் கடிக்கும்.

மதுரையில் ஒரு வீட்டு வழக்கு இதற்கு நல்ல பாடம். 1978 டிசம்பரில் 60,000 ரூபாய்க்கு ஒப்பந்தம், 5,000 முன்பணம், ஆறு மாதக் கெடு. வாங்குபவர் இரண்டரை வருஷம் பேசாமல் இருந்துவிட்டு வழக்குப் போட்டார். கெடு முடிந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட்டால் போதும் என்று காலவரையறைச் சட்டம் சொல்கிறது, அந்தக் கணக்கில் அவர் சரிதான். ஆனால் 1997ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு வீட்டை எழுதி வைக்க உத்தரவிட மறுத்துவிட்டது. நகரத்தில் விலை ஏறிக்கொண்டே போகும்போது சிறு தொகையைக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் சும்மா இருந்தவருக்கு உதவ முடியாது என்பது அதன் சாரம். 2018 அக்டோபரில் சட்டம் திருத்தப்பட்டு, எழுதிக் கொடுக்கச் சொல்லும் உத்தரவு கிடைப்பது முன்பைவிட எளிதாகிவிட்டது உண்மை. ஆனாலும் ‘நான் தயாராக இருந்தேன்’ என்று காட்டும் பொறுப்பு இன்னும் வாங்குபவர் தலையில்தான். கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பே, ‘பணம் தயார், இன்ன நாள் வாருங்கள்’ என்று ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். உறவு கெடும் என்று நினைத்தால் வாட்ஸ்அப்பிலும் அனுப்பி, “வங்கி கேட்குது சார், அதான்” என்று சொல்லிவிடுங்கள். வங்கியின் மேல் பழி போடுவதில் யாருக்கும் வருத்தமில்லை.

வங்கி என்றதும் ஒன்று. கடன் அனுமதிக் கடிதத்துக்கும் ஆயுள் உண்டு, கடிதத்திலேயே தேதி இருக்கும். பிப்ரவரியில் வாங்கிய அனுமதி செப்டம்பரில் செல்லாமல் போனால் மறுபடியும் சம்பளச் சீட்டு, மதிப்பீடு என்று முதலிலிருந்து ஓட வேண்டும். செப்டம்பர் என்று முடிவானால் கடனுக்கு ஜூனில் விண்ணப்பித்தால் போதும். ஆனால் சட்ட ஆலோசகரின் கருத்தை மட்டும் இப்போதே வாங்குங்கள். நம்ம தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திருக்கொச்சியில் இருந்தவை. தாய்ப்பத்திரம் அந்தக் காலத்தது என்றால் மலையாளத்தில், கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டுத் தேதியோடு இருக்கும். 1120 என்று பார்த்துவிட்டு தொள்ளாயிரம் வருஷப் பத்திரமா என்று வடக்கே இருந்து வந்த ஒரு இளம் அதிகாரி என்னிடம் கேட்டிருக்கிறார்! அது 1944-45. மொழிபெயர்ப்பு வேண்டும் என்பார்கள், பழைய லிபியும் கையெழுத்தும் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள், அதற்கும் நாள் போகும். சார் இந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். கடன் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 டிசம்பர் முதல் விதி வைத்திருக்கிறது, தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய். உங்கள் கணக்கில் அந்த 30 நாளும் சேர வேண்டும்.

நாள் பார்ப்பதைச் சொல்லவில்லையே என்று அம்மா கேட்பார்கள். ஆடியில் பால் காய்ச்ச மாட்டோம், பாறசாலையிலும் கர்க்கடகத்தில் (ஆடிக்கு மலையாளப் பெயர்) சார் புது வீடு புக மாட்டார். ஆக ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை யாருக்கும் உதவாத மாதம். சார் ‘ஓணம் கழியட்டும்’ என்பதன் உண்மையான காரணத்தில் பாதி இதுதான். அவர் வீடு ஆனிக்குள் தயாராகிவிடும் என்றால் ஜூலை முதல் வாரத்திலேயே குடிபோக அவருக்கே ஆசை இருக்கும். பதிவுக்கு முகூர்த்த நாள்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். அன்று ஒரு சார்பதிவாளர் இருக்கும் அலுவலகத்துக்கு 100 டோக்கனை 150 ஆக்கினாலும் கூட்டம் அலைமோதும், இணைப்பு ஒரு மணி நேரம் நின்றால் அந்த நாளே போய்விடும். சாதாரண புதன்கிழமையில் பதிவு செய்துவிட்டு முகூர்த்தத்தில் பால் காய்ச்சுங்கள்.

இதெல்லாம் பேசுவதற்கு முன், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு ஏத்தன் பழம் வாங்கிக்கொண்டு பாறசாலைக்குப் போய் அந்த வீட்டைப் பாருங்கள். “சார், வீடு எப்படி வருதுன்னு பார்க்க வந்தேன்” என்றால் ஆசையோடு சுற்றிக் காட்டுவார். தளம் போட்டு, பலகை பிரித்து, வயரிங் ஓடியிருந்தால் ஜூலை முதல் வாரத்தைக் கேளுங்கள், வாடகை வீட்டுக்காரரிடமும் அதுவரை மட்டும் நீட்டிப்புக் கேட்டால் போதும். சுவர் லின்டல் உயரத்தில் நின்றால் ஓணத்தையும் நம்ப வேண்டாம். மேயில் பதிவு, நாலு மாத வாடகை என் பொறுப்பு என்ற பேச்சை அங்கேயே அந்தத் திண்ணையில் உட்கார்ந்து தொடங்குங்கள்.